துடுக்கும் திமிரும்: அமெரிக்கப் பள்ளிகளில் தண்டனை, காவலர், இனம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோர் என்னிடம் கேட்டுவரும் கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். எங்கள் பள்ளி மாவட்டத்தின் பெற்றோர் ஆலோசனைக் குழுவில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். மாணவர் பெயரை மறைத்துத் தரும் ரெஃபரல் தாள்களைப் படித்துப் பார்ப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. 'இந்தப் பிள்ளை இன்னது செய்தது, அலுவலகம் பார்த்துக்கொள்ளட்டும்' என்று ஆசிரியர் எழுதி அனுப்புவதுதான் ரெஃபரல். சஸ்பென்ஷன் ஆனாலும் காவலர் விசாரணை ஆனாலும் பெரும்பாலும் அந்தத் தாளில்தான் தொடங்குகிறது. நான் வக்கீல் அல்ல. ஒரு தாயாகவும், அந்தத் தாள்களைப் படித்தவளாகவும் எழுதுகிறேன்.

கணக்கு என்ன சொல்கிறது?

மத்தியக் கல்வித் துறையின் குடிமை உரிமை அலுவலகம் நாட்டின் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றிடமிருந்தும் இந்தக் கணக்கை வாங்கி வெளியிடுகிறது. கொரோனாவுக்கு முந்தைய 2017-18 கல்வியாண்டை எடுத்துக்கொள்கிறேன். அதற்கடுத்த கணக்கெடுப்பின்போது பாதிப் பள்ளிகள் கணினித் திரையில் நடந்துகொண்டிருந்தன. 2017-18-இல் மாணவர்களில் கறுப்பினத்தவர் சுமார் 15 விழுக்காடு. சஸ்பென்ஷன் வாங்கி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் அவர்கள் 38 விழுக்காடு. பள்ளி தொடர்பாகக் கைதானவர்களில் ஏறக்குறைய 32 விழுக்காடு. சிறுமிகளை மட்டும் தனியே பார்த்தால் இடைவெளி இன்னும் அகலம்: மாணவிகளில் 15 விழுக்காடாக இருக்கும் கறுப்பினச் சிறுமிகள், சஸ்பென்ஷன் பெற்ற மாணவிகளில் 45 விழுக்காடு.

என்னைத் தூங்கவிடாத எண் வேறொன்று. மழலையர் வகுப்பில் கறுப்பினக் குழந்தைகள் 18 விழுக்காடு, அங்கே சஸ்பெண்ட் ஆனவர்களில் 43 விழுக்காடு. மூன்று, நான்கு வயது. ஷூ லேஸ் கட்டத் தெரியாத வயது. அந்த வயதில் ஒரு குழந்தையை 'நீ நாளைக்கு வராதே' என்று அனுப்புகிறார்கள் என்பதையே முதலில் என்னால் நம்ப முடியவில்லை. அதிலும் யாரை அனுப்புகிறார்கள் என்று பார்த்தபோது கணக்கை இரண்டு முறை சரிபார்த்தேன்.

அந்தப் பிள்ளைகள் அதிகம் தப்பு செய்வதால்தானே அதிகம் தண்டனை வாங்குகிறார்கள்?

எல்லோரும் கேட்கும் கேள்வி. நானும் கேட்டதுதான். பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரஸ்ஸல் ஸ்கீபா என்ற இந்தியானா பல்கலைக்கழகப் பேராசிரியரும் அவரது குழுவினரும், ஒரு பெருநகரத்து நடுநிலைப் பள்ளிகளின் ரெஃபரல்களை ஆராய்ந்து 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். யார் எதற்காக அலுவலகத்துக்கு அனுப்பப்படுகிறார் என்று பிரித்துப் பார்த்தார்கள். வெள்ளை மாணவர்கள் அதிகம் அனுப்பப்பட்ட காரணங்கள்: புகை பிடித்தது, சொல்லாமல் வெளியேறியது, பொருளை உடைத்தது, கெட்ட வார்த்தை பேசியது. கறுப்பின மாணவர்கள் அதிகம் அனுப்பப்பட்ட காரணங்கள்: மரியாதைக் குறைவு, அதிகச் சத்தம், மிரட்டல், சும்மா சுற்றித் திரிந்தது. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிகரெட் இருந்ததா இல்லையா என்று யாரும் பார்த்துச் சொல்லிவிடலாம். மரியாதை குறைந்ததா என்பதை எதிரில் நிற்கும் பெரியவர்தான் முடிவு செய்கிறார்.

டெக்சாஸில் இதையே பெரிய அளவில் செய்தார்கள். மாநில அரசுகளின் கூட்டமைப்பு ஒன்று 2011-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஏறக்குறைய பத்து லட்சம் மாணவர்களை ஏழாம் வகுப்பிலிருந்து பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் கிட்டத்தட்ட 60 விழுக்காட்டினர் ஒரு முறையாவது சஸ்பென்ஷனோ நீக்கமோ பெற்றிருந்தார்கள். ஆனால் 'இதைச் செய்தால் கட்டாயம் நீக்க வேண்டும்' என்று மாநிலச் சட்டம் சொல்லும் குற்றங்களுக்காக வந்த தண்டனை 3 விழுக்காடுதான். மீதி எல்லாம் பள்ளியின் விருப்பத்துக்கு விடப்பட்டவை. குடும்ப வருமானம், மதிப்பெண், முந்தைய வரலாறு என்று எல்லாவற்றிலும் ஒத்துப்போகும் பிள்ளைகளை ஒப்பிட்டபோதும், அந்த விருப்பத் தண்டனைகள் கறுப்பினப் பிள்ளைகளுக்கு விழும் வாய்ப்பு 31 விழுக்காடு கூடுதலாக இருந்தது. சட்டம் கட்டாயமாக்கிய குற்றங்களிலோ அவர்கள் வெள்ளைப் பிள்ளைகளை விடக் குறைவாகவே இருந்தார்கள். விதி தெளிவாக எழுதப்பட்ட இடத்தில் காணாமல் போகும் இடைவெளி, பெரியவரின் மனசுக்கு விடப்பட்ட இடத்தில் வந்து நிற்கிறது.

நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. சிறுவயதில் எங்கள் ஊர் வீட்டில் என் சித்தி மகள் பெரியவர்களிடம் வாய்க்கு வாய் பேசுவாள். 'என்ன துடுக்கு பார்' என்று கொஞ்சுவார்கள். தோட்டத்து வேலைக்கு வரும் அம்மாவோடு அவர் மகளும் வருவாள். அவள் ஒரு நாள் ஒரே ஒரு பதில் திருப்பிச் சொன்னாள். 'திமிரைப் பார்' என்றார்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே வயது. அவளுடைய அம்மா தலையைக் குனிந்துகொண்டு அவளை இழுத்துப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. குழுவில் ரெஃபரல் தாள்களைப் படிக்கும்போதெல்லாம் அந்தச் சிறுமி நினைவுக்கு வருவாள். ஒரு தாளில் காரணம் என்ற கட்டத்தில் 'கண்ணை உருட்டினாள்' என்று மட்டும் எழுதியிருந்தது. அதற்கு மூன்று நாள் சஸ்பென்ஷன்.

அப்படியானால் ஆசிரியர்கள் எல்லோரும் இனவெறி பிடித்தவர்கள் என்கிறீர்களா?

இல்லை. என் பிள்ளைகளுக்குக் கிடைத்த ஆசிரியர்களில் பலர் சொந்தக் காசில் பென்சில் வாங்கி வைத்திருப்பவர்கள். இங்கே நடப்பது வேறு.

ஸ்டான்ஃபோர்டில் ஜேசன் ஒகோனோஃபுவாவும் ஜெனிஃபர் எபர்ஹார்ட்டும் 2015-இல் ஒரு சோதனை செய்தார்கள். ஆசிரியர்களிடம் ஒரு மாணவனின் பதிவேட்டைக் கொடுத்தார்கள். இரண்டு சிறிய தவறுகள், ஒன்றன் பின் ஒன்றாக. சிலருக்குக் கொடுத்த தாளில் மாணவன் பெயர் கறுப்பினத்தவர் வைக்கும் பெயர், சிலருக்கு வெள்ளையர் வைக்கும் பெயர். மற்றதெல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்று. முதல் தவறில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாவது தவறில்தான் பிரிந்தது. கறுப்பினப் பெயருள்ள மாணவன் மேல் எரிச்சல் கூடியது, கடுமையான தண்டனை வேண்டும் என்றார்கள், 'இவன் இப்படித்தான்' என்று ஒரு வழக்கமாகவே அதைப் பார்த்தார்கள். மற்றவனுக்கு இரண்டு தவறும் தனித்தனிச் சம்பவங்களாகவே இருந்தன.

யேல் பல்கலைக்கழகத்தில் வால்டர் கில்லியம் குழுவினர் 2016-இல் மழலையர் ஆசிரியர்களின் கண் அசைவை அளந்தார்கள். நான்கு குழந்தைகள் விளையாடும் வீடியோவைக் காட்டி, குறும்பு எங்கே தொடங்குகிறது என்று கவனிக்கச் சொன்னார்கள். வீடியோவில் குறும்பே கிடையாது. ஆனாலும் ஆசிரியர்களின் கண் கறுப்பினச் சிறுவன் மேல்தான் அதிக நேரம் நின்றது. ஒருவனையே பார்த்துக்கொண்டிருந்தால் அவன் செய்யும் தவறுதானே கண்ணில் படும்? அடுத்தவன் செய்தது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

வறுமைதான் காரணம், நிறம் இல்லை என்று என் கணவர் சொல்கிறார்.

நாடாளுமன்றத்துக்கான தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2018-இல் இதைத்தான் சோதித்தது. ஏழைப் பள்ளி, வசதியான பள்ளி, எந்த வகைத் தண்டனை என்று எப்படிப் பிரித்தாலும் கறுப்பின மாணவர்களின் பங்கு கூடுதலாகவே இருந்தது. வறுமைக்கும் பங்கு உண்டு. ஆனால் அதை மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது.

பள்ளிக்குள் காவலர் எப்படி வந்தார்?

நம் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு வாட்ச்மேன் உண்டு, போலீஸ் கிடையாது. அதனால் இங்கே வந்த புதிதில் பள்ளி வாசலில் துப்பாக்கி சொருகிய ஒருவரைப் பார்த்துப் பலரும் திகைக்கிறார்கள். அவர் பெரும்பாலும் நகரக் காவல்துறையிலிருந்தோ ஷெரிஃப் அலுவலகத்திலிருந்தோ அனுப்பப்பட்டவர். ஸ்கூல் ரிசோர்ஸ் ஆபீசர் என்று பெயர்.

மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் 1950-களில் தொடங்கிய திட்டம் இது. பல பத்தாண்டுகள் சிறிதாகவே இருந்தது. இளைஞர் குற்றம் குறித்த அச்சம் உச்சத்தில் இருந்த 1994-இல், பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவந்தால் குறைந்தது ஓராண்டு நீக்கம் என்ற மத்தியச் சட்டம் வந்தது. துப்பாக்கிக்காக வந்த அந்த 'சிறிதும் பொறுக்க மாட்டோம்' என்ற போக்கு சண்டை, வாக்குவாதம், வகுப்புக்கு மட்டம் போடுதல் என்று பரவியது. 1999 ஏப்ரலில் கொலரடோவின் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச் சூடு. அதன் பிறகு பள்ளிக் காவலர்களுக்கு மத்திய அரசின் பணம் வெள்ளமாகப் பாய்ந்தது.

கவுன்சிலருக்கும் நர்ஸுக்கும் அப்படிப் பாயவில்லை. அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் 2019-இல் அரசின் கணக்கை வைத்தே காட்டியது: காவலர் இருந்தும், கவுன்சிலர், நர்ஸ், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரில் குறைந்தது ஒருவர் இல்லாத பள்ளிகளில் 1 கோடியே 40 லட்சம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அழும் பிள்ளையைக் கூட்டிப்போக ஆள் இல்லாத பள்ளியில், யாரைக் கூப்பிடுவார்கள்? இருப்பவரைத்தான்.

காவலர் இருந்தால் துப்பாக்கிச் சூட்டிலிருந்து பாதுகாப்புதானே?

இந்தப் பயத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. என் மகள் பள்ளியில் கதவைப் பூட்டி விளக்கை அணைத்து ஒளியும் பயிற்சி செய்துவிட்டு வந்த அன்று நானும் அழுதேன். ஆனால் கொலம்பைனில் ஆயுதம் தாங்கிய காவலர் இருந்தார். 2018-இல் ஃபுளோரிடாவின் பார்க்லேண்டில் இருந்தார், வெளியிலேயே நின்றுவிட்டார். 2022-இல் டெக்சாஸின் யுவால்டியில் 376 காவலர்கள் வந்து சேர்ந்தும், வகுப்பறைக்குள் நுழைய 77 நிமிடம் ஆனது. 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் இறந்தார்கள்.

ஆய்வுகளும் கலவையாகத்தான் சொல்கின்றன. காவலர் நியமனத்தை நாடு முழுக்க ஆராய்ந்த லூசி சோரன்சன் குழுவினர், அடிதடி போன்ற சில வன்முறைகள் குறைவதைக் கண்டார்கள். துப்பாக்கி தொடர்பான சம்பவங்கள் குறையவில்லை. சஸ்பென்ஷன், நீக்கம், கைது மூன்றும் கூடின, கறுப்பின மாணவர்களுக்கு அதிகமாக. அடிதடி குறைவதும் பெற்றோருக்குப் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. அதற்கான விலையை யார் கட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

வகுப்பில் செய்யும் சேட்டை எப்படிக் குற்றமாகும்?

தென் கரோலினாவில் நடந்ததைச் சொல்கிறேன். 2015 அக்டோபர் 26, கொலம்பியா நகரின் ஸ்பிரிங் வேலி உயர்நிலைப் பள்ளி, கணக்கு வகுப்பு. ஒரு கறுப்பின மாணவி கைபேசியை வெளியே எடுத்தாள். வெளியே போ என்றார் ஆசிரியர், அவள் எழவில்லை. நிர்வாகி வந்தார், எழவில்லை. பள்ளிக் காவலரைக் கூப்பிட்டார்கள். அவர் அவளை நாற்காலி மேசையோடு கவிழ்த்து, தரையில் வீசி இழுத்தார். மற்ற மாணவர்கள் எடுத்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. காவலர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார், அவர் மேல் வழக்குத் தொடரப்படவில்லை. கைதானவர்கள் இரண்டு பேர்: அந்த மாணவி, அவளுக்காகக் குரல் கொடுத்த நியா கென்னி என்ற 18 வயது சக மாணவி.

குற்றம் என்ன? 'பள்ளியைத் தொந்தரவு செய்தல்'. பெண்கள் பள்ளிகளின் வாசலில் வந்து வம்பு செய்யும் வெளி ஆட்களுக்காக 1919 வாக்கில் எழுதப்பட்ட சட்டம் அது. காலப்போக்கில் பள்ளிக்குள் இருக்கும் மாணவர்கள் மேலேயே திரும்பியது. எரிச்சலூட்டும்படி நடந்துகொண்டாலே குற்றம் என்று அதில் எழுதியிருந்தது. பதினைந்து வயதுப் பிள்ளை எரிச்சலூட்டாமல் இருந்தால்தான் வீட்டில் கவலைப்பட வேண்டும்! ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் மேல் இந்தச் சட்டம் பாய்ந்தது, கறுப்பினப் பிள்ளைகள் மேல் பல மடங்கு அதிகமாக.

நியா கென்னியும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். 2018-இல் சட்டமன்றமே அதை மாற்றி, தம் பள்ளி மாணவர்களுக்குப் பொருந்தாதபடி செய்தது. 2023-இல் நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், மாணவர்கள் மேல் பயன்படுத்திய அந்தப் பழைய சட்டம் தெளிவற்றது, அதனாலேயே அரசியலமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. எது குற்றம் என்று சட்டமே சொல்லாவிட்டால் அதைக் காவலர் தம் விருப்பத்துக்குத் தீர்மானிப்பார் என்பதுதான் வாதத்தின் சாரம். ரெஃபரல் தாளில் 'மரியாதைக் குறைவு' என்று எழுதும்போது நடப்பதும் அதேதான். அங்கே ஆசிரியர் செய்வதை இங்கே கைவிலங்கோடு வருபவர் செய்கிறார்.

சஸ்பென்ஷன் என்றால் ஐந்து நாள் வீட்டில் இருக்கப்போகிறான். அதில் என்ன?

வட கரோலினாவின் ஷார்லட் நகரில் பள்ளி எல்லைகளை மாற்றி வரைந்தபோது, ஒரே தெருப் பிள்ளைகள் வெவ்வேறு பள்ளிகளுக்குப் போக நேர்ந்தது. அந்த வாய்ப்பை வைத்து ஆண்ட்ரூ பாக்கர்-ஹிக்ஸ், ஸ்டீஃபன் பில்லிங்ஸ், டேவிட் டெமிங் மூவரும் ஆராய்ந்தார்கள். அதிகம் சஸ்பெண்ட் செய்யும் நடுநிலைப் பள்ளிக்குப் போக நேர்ந்த பிள்ளைகள், பெரியவர்களான பிறகு கைதாகவும் சிறை செல்லவும் கூடுதல் வாய்ப்பு இருந்தது. கல்லூரி வரை போவதும் குறைந்தது. பிள்ளைகள் வேறு ஆட்கள் இல்லை, போன பள்ளிதான் வேறு.

இன்னொன்றும் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகும் வீட்டில் அந்த ஐந்து நாள் பையன் எங்கே இருப்பான்?

காவலரை எடுத்துவிட்ட ஊர்களில் என்ன ஆனது?

2020 மே 25-இல் மினியாபொலிஸ் நகரக் காவலர் ஒருவரால் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் கொல்லப்பட்ட எட்டே நாளில், அந்நகரப் பள்ளி வாரியம் நகரக் காவல்துறையுடனான ஒப்பந்தத்தை முறித்தது. ஓக்லண்ட் தன் சொந்தப் பள்ளிக் காவல் பிரிவையே கலைத்தது. டென்வரும் காவலர்களை விலக்கியது. பிறகு 2023 மார்ச்சில் டென்வரின் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியில் ஒரு மாணவன் இரண்டு நிர்வாகிகளைச் சுட்டான். காவலர்கள் திரும்பி வந்தார்கள். நிர்வாகிகளே தினமும் அந்த மாணவனின் உடலைச் சோதிக்க வேண்டியிருந்தது என்பது அந்தச் செய்தியில் என்னை உலுக்கியது. காவலரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு எதையும் வைக்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

என் மனதுக்கு நெருக்கமான ஊர் ஃபிலடெல்ஃபியா. அங்கே மாற்றத்தைத் தொடங்கியவர் ஒரு காவல் அதிகாரி: அப்போது துணை ஆணையராக இருந்த கெவின் பெத்தல். பள்ளிகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,600 கைதுகள். பத்து வயதுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள், பையில் கத்தரிக்கோல் இருந்தது போன்ற காரணங்களுக்காகவும். 2014-இல் விதியை மாற்றினார். முதல் முறை தவறு செய்யும் பிள்ளை, சிறு குற்றம் என்றால், காவலர் கைது செய்யும் முன் ஒரு எண்ணை அழைத்துக் கேட்க வேண்டும். தகுதி இருந்தால் கைது இல்லை. சில நாளில் சமூகப் பணியாளர் வீட்டுக்குப் போவார். வீட்டில் சாப்பாடு இருக்கிறதா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா, பையனுக்கு மாலையில் போக இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்.

2018-19-இல் கைதுகள் 251. எண்பத்து நான்கு விழுக்காடு குறைவு. ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தினர் கூடவே இருந்து ஆராய்ந்தார்கள். கைது குறைந்ததால் பெரிய சம்பவங்கள் கூடிவிடவில்லை. பெத்தல் 2024-இல் நகரின் காவல் ஆணையராகவே ஆனார். எங்கள் குழுவில் இதை எடுத்துச் சொன்னபோது எல்லாத் தரப்பினரும் கேட்டார்கள். சொன்னவர் போலீஸ்காரர் என்பதால்தான் கேட்டார்கள் என்று நினைக்கிறேன். பரவாயில்லை, கேட்டார்களே.

அப்படியானால் ஒழுக்கமே வேண்டாமா? மற்றப் பிள்ளைகள் படிக்க வேண்டாமா?

வேண்டும். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருவன் நாற்காலியைத் தூக்கி எறிந்தால் ஆசிரியர் என்ன செய்வார் என்ற கேள்வியைத் தட்டிக்கழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சஸ்பென்ஷனை நிறுத்து என்று உத்தரவு மட்டும் போட்டுவிட்டு, கூடுதல் ஆளும் பயிற்சியும் தராத மாவட்டங்கள் ஆசிரியர்களைக் கைவிட்டன. பிட்ஸ்பர்க்கில் சுற்றி உட்கார்ந்து பேசித் தீர்க்கும் முறையை ராண்ட் நிறுவனம் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டது. சஸ்பென்ஷன் குறைந்தது, இன இடைவெளியும் குறைந்தது. ஆனால் நடுநிலை வகுப்புகளில் படிப்பு முன்னேறவில்லை, சரிந்தது. இதை மறைத்துப் பேசக் கூடாது.

கலிஃபோர்னியா செய்ததை நான் ஆதரிக்கிறேன். 'வேண்டுமென்றே கீழ்ப்படியாமை' என்ற ஒற்றைக் காரணத்தை மட்டும் சஸ்பென்ஷன் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். முதலில் சிறு வகுப்புகளில், பிறகு நடுநிலையில், 2024 ஜூலை முதல் உயர்நிலை வரை. அடித்தால், ஆயுதம் கொண்டுவந்தால் தண்டனை அப்படியே இருக்கிறது. திமிர் என்பதற்காக மட்டும் வீட்டுக்கு அனுப்ப முடியாது, அவ்வளவுதான்.

ஒகோனோஃபுவா குழுவினர் 2016-இல் வெளியிட்ட இன்னொரு சோதனையும் உண்டு. கலிஃபோர்னியாவில் ஐந்து நடுநிலைப் பள்ளிகளின் கணக்கு ஆசிரியர்களுக்கு, மாணவனின் பக்கத்திலிருந்து யோசிப்பது பற்றிச் சிறிய இணையப் பயிற்சி. அந்த ஆசிரியர்களிடம் படித்த பிள்ளைகளில் சஸ்பென்ஷன் வாங்கியவர்கள் 9.6 விழுக்காட்டிலிருந்து 4.8 ஆகக் குறைந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? வாஷிங்டன் நிலைப்பாடு மாறிக்கொண்டே இருக்கிறதே?

1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, மத்திய அரசின் பணம் வாங்கும் பள்ளி இனத்தின் பேரில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. வெளிப்படையாக வேறுபடுத்தி நடத்தியதை நிரூபித்தால் வழக்குப் போடலாம். விதி எல்லோருக்கும் ஒன்றுதான், விளைவு மட்டும் ஓர் இனத்தின் மேல் விழுகிறது என்றால் தனியாள் வழக்குப் போட முடியாது என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசுதான் கவனிக்க வேண்டும்.

அந்த அரசு: 2014-இல் ஒபாமா நிர்வாகம், விளைவையும் பார்ப்போம் என்று பள்ளிகளுக்குக் கடிதம் எழுதியது. 2018 டிசம்பரில் டிரம்ப் நிர்வாகம் அதைத் திரும்பப் பெற்றது. 2023-இல் பைடன் நிர்வாகம் புதிய வழிகாட்டல் வெளியிட்டது. 2025 ஏப்ரலில் மீண்டும் டிரம்ப், எதிர்த் திசையில் ஒரு நிர்வாக ஆணை. ஆனால் ஆணை எதுவும் 1964 சட்டத்தை நீக்கவில்லை. உங்கள் பள்ளி வாரியமும் மாநிலச் சட்டமன்றமும்தான் தினசரி விதிகளை எழுதுகின்றன. வாரியத் தேர்தலில் விழும் வாக்குகள் மிகக் குறைவு. நம் ஒரு தெருக் குடும்பங்கள் சேர்ந்தாலே கணக்கில் வரும்.

இது நம் பிள்ளைகளுக்கு வராத பிரச்சினைதானே?

ஆசியப் பிள்ளைகள் என்று கணக்கில் வருபவர்களுக்கு சஸ்பென்ஷன் மிகக் குறைவு என்பது உண்மை. துடுக்கு என்ற வார்த்தை நம் பிள்ளைகளுக்குத்தான் கிடைக்கிறது. ஆனால் அது நாம் சம்பாதித்த சொத்து என்று நினைத்துவிடக் கூடாது. 2015 செப்டம்பரில் டெக்சாஸின் இர்விங்கில் 14 வயதுப் பையன், தானே செய்த கடிகாரத்தை ஆசிரியருக்குக் காட்டப் பள்ளிக்குக் கொண்டுபோனான். சூடான் வழி முஸ்லிம் குடும்பம். வெடிகுண்டு போல இருக்கிறது என்று விலங்கு மாட்டிக் கூட்டிப் போனார்கள், மூன்று நாள் சஸ்பென்ஷன் வேறு. அவன் மேல் வழக்கு எதுவும் தொடரப்படவில்லை.

டொரொண்டோவில் இது நம் மக்களுக்கு நேரடியாகவே வந்தது. ஸ்கார்பரோவின் ஈழத் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கும் டொரொண்டோ மாவட்டப் பள்ளி வாரியம், 2008-இல் தொடங்கிய பள்ளிக் காவலர் திட்டத்தை 2017 நவம்பரில் நிறுத்தியது. கருத்துக் கேட்டபோது, காவலர் இருந்தால் பாதுகாப்பாக உணர்கிறோம் என்று சொன்ன மாணவர்கள் பாதிக்கும் மேல். அப்படியும் நிறுத்தினார்கள். தம்மையே குறிவைத்துப் பார்க்கிறார்கள் என்று சொன்ன சிறுபான்மைப் பிள்ளைகளின் குரலுக்கு வாரியம் எடை கொடுத்தது. பெரும்பான்மைக்கு நிம்மதி தருவதையே நியாயம் என்று நினைத்துப் பழகிய எனக்கு அந்த முடிவு ஒரு பாடம். அகதியாக வந்து சீருடையைப் பார்த்தாலே உடல் நடுங்கும் தாய்மார்களுக்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

குற்றச்சாட்டை எழுத்தில் கேளுங்கள். ஓஹாயோ மாணவர்கள் தொடுத்த வழக்கில் 1975-இல் உச்ச நீதிமன்றம் தந்த உரிமை இது: பத்து நாள் வரையிலான சஸ்பென்ஷனுக்கும், என்ன குற்றம் என்று சொல்லி, மறுத்தால் ஆதாரத்தை விளக்கி, பிள்ளையின் பக்கத்தைக் கேட்டாக வேண்டும். எழுத்தில் வரும்போது வார்த்தையைக் கவனியுங்கள். 'மரியாதைக் குறைவு' என்று இருந்தால், 'என்ன சொன்னான், என்ன செய்தான், அதற்கு முன் என்ன நடந்தது?' என்று கேளுங்கள். பல சமயம் அந்தக் கேள்விக்கே தாள் சுருங்கிவிடுகிறது.

பிள்ளைக்குச் சிறப்புக் கல்வித் திட்டம் இருந்தால், பத்துப் பள்ளி நாளுக்கு மேல் தொடர்ந்து வெளியே வைப்பதென்றால், அந்த நடத்தை குறைபாட்டால் வந்ததா என்று கூட்டம் போட்டுப் பார்க்க வேண்டும். பதிவேட்டைப் பார்க்கக் கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும். இனப் பாகுபாடு என்று குடிமை உரிமை அலுவலகத்தில் புகார் செய்ய 180 நாள் அவகாசம். ஆங்கிலம் சரளமாக வராத தாத்தா பாட்டிதான் வீட்டில் இருக்கிறார்கள் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். கேட்பது உரிமை, சலுகை அல்ல. பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

காவலர் கேள்வி கேட்பது தனி விஷயம். பல மாநிலங்களில் பெற்றோர் இல்லாமலே கேட்கலாம். அதனால் பிள்ளைக்கு இரண்டு வாக்கியம் சொல்லிக்கொடுங்கள்: 'என் அம்மா அப்பாவும் வக்கீலும் வேண்டும்.' 'என் பையையும் போனையும் சோதிக்க நான் சம்மதிக்கவில்லை.' பணிவாகச் சொல்லட்டும், கையைத் தட்டிவிட வேண்டாம். பெரியவர் கேட்டால் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட வேண்டும் என்று வளர்த்த பிள்ளைகள் நம்முடையவர்கள். வீட்டில் ஒரு முறை சொல்லிப் பார்க்க வையுங்கள்.

என் மகனும் அவன் கறுப்பின நண்பனும் சேர்ந்து செய்த சேட்டைக்கு, என் மகனுக்கு எச்சரிக்கை மட்டும், நண்பனுக்கு சஸ்பென்ஷன். நான் என்ன செய்வது?

'அந்தப் பையனோடு சேராதே' என்று மகனிடம் சொல்லிவிடாதீர்கள். நம் வீடுகளில் முதலில் வரும் வாக்கியம் அதுதான் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பையனின் அம்மாவை அழையுங்கள். உங்கள் மகனுக்கு என்ன கிடைத்தது என்று அவருக்குச் சொல்லுங்கள். பள்ளி மற்றப் பிள்ளையின் தண்டனையை அவரிடம் சொல்லாது, தனியுரிமை விதி தடுக்கும். நீங்கள் சொல்ல எந்தத் தடையும் இல்லை. இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஒரே காரியத்தைச் செய்தார்கள் என்று உங்கள் மகன் தன் கையால் எழுதித் தேதி போட்டுக் கொடுக்கட்டும். பிரின்சிபலுடனான சந்திப்புக்கு, அந்த அம்மா விரும்பினால் நீங்களும் கூடப் போய் உட்காருங்கள். எங்கள் ஊரில் ஓர் அப்பா அப்படிப் போனார். அலுவலக நேரத்தில் விடுப்பு எடுத்து, சட்டை இஸ்திரி போட்டுப் போனார். இரண்டு அப்பாக்கள், இரண்டு தாள்கள், மேசையில் பக்கத்தில் பக்கத்தில். சஸ்பென்ஷன் மாலைக்குள் எச்சரிக்கையாக மாறியது.